எண்பது எழுத்துக்குள்

கட்டுப்பாட்டு அறையில் அவருக்குப் பெயர் கர்சர், கணினித் திரையில் ஓயாமல் சிமிட்டும் குட்டிக் கோட்டின் பெயர். இடது கண்ணிமை ஓயாமல் துடிக்கும் என்பதற்காக யாரோ முதலில் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல், ஒன்றும் செய்யாமல், சும்மா சிமிட்டிக்கொண்டே இருப்பவர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தனக்கு அப்படியொரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைத்துக்கொள்ளவும் ஒரு திறமை வேண்டும்தான்.

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தின் மாடியில் இருந்தது அந்த அறை. மூன்று மேஜைகள், மூன்று டெர்மினல்கள், இரண்டு தொலைபேசிகள், ஜன்னலுக்கு வெளியே பம்ப் ஹவுஸின் தகரக் கூரை. எட்டுத் தொட்டிகளில் நூற்றுக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக் கறுப்புத் திரையில் எட்டு வரிகள் சொல்லும். ஒரு தொட்டி நிரம்பி வழியப் போனால் அந்த வரி நிறம் மாறும், மணியும் அடிக்கும். ஆறு தொட்டிகள் கருவி மூலம் தாமே அளவை அனுப்பிவிடும். மேற்குத் தொட்டியும் கிழக்குத் தொட்டியும் கிழடு. அங்கே காவலாளி அளவுகோலைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்ல, மேஜையில் இருப்பவர் கையால் தட்ட வேண்டும். மூன்றாவது மேஜைக்காரர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது பழைய ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. அவரைவிட அவை நன்றாக வேலை செய்வதாகக் கர்சர் சொல்வார்.

அந்த எட்டு வரிகளைக் காட்டும் கணினி நிரலை எழுதியது அவர்தான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். நல்ல நிரல், அதில் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் குறை சொல்ல முடியாத விஷயம் அது ஒன்றுதான் என்பதால், அதற்குப் பிறகு வேறெதுவும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார்.

கணினிக்குள் ஓடும் எழுத்துகளில் கண்ணுக்குத் தெரிவது உண்டு, தெரியாதது உண்டு. தெரியாத எழுத்து திரையில் விழாது, திரையை ஏவும். ஒன்று மணியடி என்று சொல்லும். ஒன்று வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்று சொல்லும். எஸ்கேப் என்ற ஒன்றை முன்னால் அனுப்பி, பின்னால் நாலைந்து எழுத்தைச் சேர்த்தால், சிவப்பாகு, சிமிட்டு, இந்த வரியைத் துடை என்று என்ன வேண்டுமானாலும் ஏவலாம். திரையும் மறுபேச்சு பேசாமல் கேட்கும். வீட்டிலும் வெளியிலும் தன் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை என்பதால், கர்சருக்கு இந்த எழுத்துகள் மேல் மட்டும் ஒரு பாசம். மனிதர்கள் மேல் அது கிடையாது. மவுஸ் பிடிக்கிறவர்களை எலிபிடிக்கிற கூட்டம் என்பார். மேற்பார்வையாளரை நடமாடும் முத்திரைக்கட்டை என்பார்.

மேற்பார்வையாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைத் தட்டினாலும் கடைசியில் பத்திரப்படுத்துகிறேன் என்று கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துவார். டெர்மினலில் அதற்கு அர்த்தம் வேறு. திரையே, அப்படியே நில் என்று அர்த்தம். திரை உறைந்துவிடும். உடனே, "சார், கொஞ்சம் வாங்க, செத்துப்போச்சு" என்று குரல் வரும். கர்சர் அவசரப்பட மாட்டார். நிதானமாக எழுந்து போய், பெருமூச்சு விட்டு, இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, வலது கையால் கண்ட்ரோலையும் க்யூவையும் அழுத்துவார். திரை ஓட ஆரம்பிக்கும். என்ன செய்தார் என்று பத்து வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் அவரை யார் கூப்பிடுவார்கள்?

வால்வுக்காரம்மா வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட இடத்துக்கு. பத்தொன்பது வருஷம் வெளியே மண்ணில் நின்று வால்வு திருகியவர். தோள்பட்டை தேய்ந்துபோய், டாக்டர் சீட்டோடு மாடி ஏறி வந்தார். எந்தக் குழாய் எங்கே திரும்பும், எந்தப் பம்ப் எந்த நேரத்தில் முனகும் என்பதெல்லாம் கைரேகை மாதிரி தெரியும். கணினி மட்டும் தெரியாது. இரண்டு விரலால்தான் தட்டுவார். வந்த மூன்றாம் மாதம், ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கர்சரிடம் வந்து நின்றார்.

"சார், இந்த நெறம் மாறுறது, மணியடிக்கிறது எல்லாம் எப்படின்னு கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? எழுதி வெச்சுக்கிறேன்."

"எதுக்கும்மா? உங்களுக்கு இதெல்லாம் ஏறாது. போன்ல சொல்றதைத் தட்டுங்க, போதும்."

வால்வுக்காரம்மா நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கர்சருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் ஒருவரை முகத்துக்கு நேராக மட்டம் தட்டியது மட்டும் அவருக்குப் போதாது. அதை எழுதியும் வைக்க வேண்டும்.

எழுதி வைக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடந்ததை ஒரு வரியாகக் குறிப்புக் கோப்பில் தட்ட வேண்டும். எழுதியவரின் ஊழியர் எண், நேரம், செய்தி, அவ்வளவுதான். கர்சர் மூன்றாம் எண், வால்வுக்காரம்மா ஏழு. கர்சர் தன் வரியைத் தட்டுவதற்கு முன்னால், அதே வரியில், யாரையாவது ஒரு வாய் திட்டி எழுதுவார். உடனே கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஏவல்களைச் சேர்ப்பார். முதலாவது, இந்த வரியைத் துடை. இரண்டாவது, தொடக்கத்துக்குத் திரும்பு. அப்புறம்தான் ஒழுங்கான செய்தி. யார் அந்தக் கோப்பைத் திரையில் ஓட்டினாலும் திட்டு வந்த வேகத்தில் துடைக்கப்பட்டு, அதே இடத்தில் நல்ல செய்தி வந்து உட்காரும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. கோப்புக்குள் மட்டும் திட்டு பத்திரமாக இருக்கும்.

"முத்திரைக்கட்டை வந்தார். மூளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். போனார்." இது மேற்பார்வையாளருக்கு. "எலெக்ட்ரீஷியன் ஃபேனைச் சரிசெய்தான். முன்பு சத்தம் மட்டும்தான் வந்தது, இப்போது காற்றும் வரவில்லை." இது எலெக்ட்ரீஷியனுக்கு. ஒரு ஷிஃப்ட் விடாமல் எழுதினார். எதிரே நின்று சொல்லத் துணிவில்லாதவர் இப்படி ஒளித்து எழுதிவிட்டு, நாள் முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் அதுதான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. டெர்மினலில் ஒரு வரிக்கு எண்பது எழுத்துதான் இடம். திட்டு அதைத் தாண்டினால் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். துடை என்ற ஏவல் இறங்கிய வரியை மட்டும்தான் துடைக்கும், மேல் வரி திரையிலேயே நின்று பல்லைக் காட்டும். அதனால் எண்ணி எண்ணி எழுதுவார். எண்பது எழுத்துக்குள் ஒரு மனிதனை நார் நாராகக் கிழிப்பதுதான் கலை என்று அவருக்கு நினைப்பு.

வால்வுக்காரம்மா நோட்டோடு வந்து நின்ற அன்று அவர் எழுதிய வரி இது: "பைப் திருகிய கைக்கு நிரல் கேட்கிறது. இவளுக்குச் சொல்லித் தருவதற்குப் பம்ப் ஹவுஸ் சுவருக்குச் சொல்லித் தந்தால் நாலு எழுத்தாவது ஒட்டும்." எழுதிய குஷியில் எண்ண மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. நடுவில் ஒரு நாள் வடக்குத் தொட்டி நிரம்பி வழியப் பார்த்தது. அந்தத் தொட்டிக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம். அளவு தொண்ணூற்று நாலைத் தொட்டபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் போய், பம்பை நிறுத்தினார்கள். விழிப்போடு இருந்ததற்காகக் கர்சருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தக் கதையைக் கேட்டாக வேண்டியதாயிற்று.

இப்போது அவருக்கு ஓய்வு பெறும் வயது. மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியவர். ஆனால் கறுப்பு டெர்மினலை எடுத்துவிட்டு, சுவரளவு வண்ணத்திரை ஒன்றை வைக்கப்போகிறார்கள். அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். இரண்டு பெயர்கள் மேலதிகாரியான செயற்பொறியாளரிடம் போயிருந்தன. ஒன்று, இரண்டு வருஷ நீட்டிப்போடு கர்சர். இன்னொன்று வால்வுக்காரம்மா. அந்த இரண்டாவது பெயரைக் கேட்டதிலிருந்து கர்சருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வார். அந்த நாற்காலியில் அவள் உட்காருவதை நினைத்தாலே அவர் இமை இரட்டை வேகத்தில் துடித்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குச் செயற்பொறியாளர் புதுத் திரையைப் பார்க்க வருவார், அங்கேயே முடிவு சொல்வார் என்று பேச்சு.

வியாழக்கிழமை மத்தியானம், புதுத் திரையைப் பொருத்த வந்த தாடிக்காரர் மடிக்கணினியோடு கர்சரின் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"உங்களுக்குச் சின்ன சந்தேகம்தானா? நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குப் பெரிய சந்தேகமே இருக்கு."

தாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. போகிற இடத்திலெல்லாம் ஒரு கர்சரைப் பார்த்துப் பழகியவர். "பழைய குறிப்பு மூணு நாளுது ஏத்திப் பார்த்தேன். வரிக்கு நடுவுல சதுரம் சதுரமா ஏதோ வருது. அதுக்கு முன்னாடி கூடுதலா எழுத்து வேற இருக்கு. இது வேணுமா, வேண்டாமா?"

கர்சர் எட்டிப் பார்த்தார். பிரகாசமான வெள்ளைத் திரையில், பொடி எழுத்துகூட இல்லை, நல்ல கொட்டை எழுத்தில், "முத்திரைக்கட்டை இன்று புதுச் சட்டை. உள்ளே அதே கட்டை" என்று இருந்தது. அதன் பின்னால் இரண்டு சதுரம், அதன் பின்னால் மூன்றாம் எண், நேரம், மேற்குத் தொட்டி அளவு.

புதுத் திரைக்கு ஏவல் கேட்கும் பழக்கமே இல்லை. துடை என்றால் துடைக்காது, திரும்பு என்றால் திரும்பாது. கொடுத்ததை அப்படியே ஊருக்குக் காட்டும். இத்தனை வருஷத்துத் திட்டும், ஒரு வரி மிச்சமில்லாமல், திங்கட்கிழமை செயற்பொறியாளர் முன்னால் சுவரளவுக்கு வந்து நிற்கப்போகிறது.

"அது... அது பழைய மெஷின் குப்பைங்க. நானே சுத்தம் பண்ணித் தர்றேன். நீங்க தொடாதீங்க."

"சரி சார். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள குடுத்துடுங்க." தாடிக்காரர் தான் ஏற்றியதை அழித்துவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் ஒரு வரியைக்கூடப் படித்திருக்கவில்லை. அடுத்தவன் குறிப்பைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

வால்வுக்காரம்மாவின் ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. அறையில் கர்சரும் ஃபைல்களும்தான். வேலை ஒன்றும் பெரிதில்லை. திட்டையும் ஏவலையும் மொத்தமாக வெட்டியெறிய ஒரே ஒரு கட்டளை போதும். தட்டியும் வைத்தார். ஆனால் எஸ்டேட்டை விற்கிறவன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதுபோல, மொத்தம் எத்தனை எழுதியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அதில்கூட அவருக்குப் பெருமை. மறைவரிகளை ஊழியர் எண்வாரியாக எண்ணச் சொன்னார்.

மூன்றாம் எண்: மூவாயிரத்து நூற்றெட்டு. ஏழாம் எண்: நானூற்றுப் பன்னிரண்டு.

ஏழா? முதலில் சிரித்துவிட்டார். ஏதோ தாறுமாறாகத் தட்டிவைத்திருக்கிறாள், இரண்டு விரல்காரி. அப்புறம் அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் ஏவலுக்குக் கட்டுப்படாமல் அப்படியே காட்டும்படி கேட்டார். திரையில் வரி வரியாக இறங்கியது. ஒவ்வொரு வரி நடுவிலும் `^[[2K^M` என்று அவருடைய அதே இரண்டு ஏவல்கள், அதே வரிசையில், ஓர் எழுத்துப் பிசகாமல்.

முதல் வரி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அவர் எண்ண மறந்த நாளுக்கு மறுநாள்.

"சார், நேத்து நீங்க எழுதினது பாதி திரையிலேயே நின்னுடுச்சு. எண்பது எழுத்துக்குள்ள எழுதுங்க."

கர்சர் அதை மூன்று முறை படித்தார். திட்டைப் படித்துவிட்டு, திட்டு எழுதும் முறையைத் திருத்தியிருக்கிறாள். அவர் சொல்லித் தர மாட்டேன் என்றதை அவருடைய திட்டைப் பிரித்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவருக்காகவே எழுதிய வரி அது. ஆனால் வால்வுக்காரி எழுதியதற்குள் ஏதாவது இருக்கும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஒன்பது வருஷம் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

அடுத்தடுத்த வரிகளில் திட்டாவது இருக்கும் என்று பார்த்தார். திட்டு இல்லை.

"மேற்குத் தொட்டி 61ன்னு போட்டிருந்தார். காவலாளிகிட்ட கேட்டேன், 16. மாத்திட்டேன்."

"கிழக்கு 38ஐ 83ன்னு போட்டார். மாத்திட்டேன். அவர்கிட்ட சொல்லல, சங்கடப்படுவார்."

"இன்னிக்கும் மேற்கு. அவருக்குக் கண்ணாடி வேணும்."

கண்ணாடி இருந்தது. மனைவி வாங்கிக் கொடுத்து, மேஜையின் இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. கண்ணாடி போடுவது கிழவர்களின் வேலை என்பது அவர் கொள்கை. நிரலில் தப்பு இல்லை, அவர் கண்ணில்தான் தப்பு. தொலைபேசியில் கேட்டுக் கிறுக்கிவைத்த எண்ணைப் பார்த்து முன்பின்னாகத் தட்டுவார், தட்டியதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். நானூறு தடவை அந்த இரண்டு விரல் வந்து திருத்தியிருக்கிறது. அதுவும் மேலே யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று அவருடைய போர்வையையே போர்த்திக்கொண்டு.

சான்றிதழ் நாளின் வரியும் இருந்தது. அதை அவர் தேடவில்லை, அது தானாகவே வந்து நின்றது.

"மணியை அவரே நிறுத்தி வெச்சிருந்தார், சத்தம் பிடிக்கலையாம். டீ குடிக்கப் போயிட்டார்."

கண்ணுக்குத் தெரியும் செய்தி அதன் பின்னால் இருந்தது: ஏழு, பதினொன்று பத்து, வடக்கு 94, பம்பை நிறுத்தச் சொல்லப்பட்டது.

நல்ல மனிதனாக இருந்திருந்தால் இந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். கர்சருக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் கெட்டிக்காரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாளே, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. தன் திட்டுகளை மட்டும் வெட்டிவிட்டு அவளுடைய வரிகளை விட்டுவைக்கலாம். அந்த யோசனை வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வந்து, நாற்காலி ஞாபகம் வந்ததும் போய்விட்டது. கட்டளையில் ஏழையும் சேர்த்தார். விசையை அழுத்தினார். நகல் கோப்பைத் தேடி அதையும் துடைத்தார். மூவாயிரத்து ஐந்நூற்று இருபது வரிகள் ஒரு நொடியில் போயின.

வீட்டுக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது சான்றிதழ்தான். மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க வலிக்கிறவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு வந்து, வீட்டில் சிரிப்பை மிச்சம்பிடிப்பார்.

"அதைக் கழட்டி உள்ள வை" என்றார் கர்சர்.

"ஏன், இப்ப என்ன வந்துச்சு?"

"பழசாயிடுச்சு."

"இருந்துட்டுப் போகட்டும். எடுத்தா பின்னாடி சுவத்து ஈரம் தெரியும். அதுக்காகத்தான் விட்டு வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்குச் செயற்பொறியாளர் வந்தார். சுவரில் புதுத் திரை பளபளத்தது. எட்டுத் தொட்டிகள் நீல நீலமாக ஏறி இறங்கின. தாடிக்காரர் விளக்கினார்: யார் எந்த அளவைப் போட்டாலும் அவர் புகைப்படத்தோடு காட்டும். யாராவது திருத்தினால், பழைய எண்ணை அழிக்காது. அதன் மேல் கோடு போட்டு, திருத்தியவர் புகைப்படத்தையும் பக்கத்தில் வைக்கும். செயற்பொறியாளர் அறையிலும் மேற்பார்வையாளர் அறையிலும் இதே திரை தெரியும். எதையும் யாரும் மறைக்க முடியாது. கர்சருக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. மறைக்க வேண்டியதை அவர் ஏற்கெனவே மறைத்தாயிற்று.

"பழைய குறிப்பும் இருக்கா? அந்த வடக்குத் தொட்டி நாளைக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார் செயற்பொறியாளர்.

காட்டினார்கள். துடைத்துவைத்த தட்டு மாதிரி சுத்தமாக ஒரு வரி. செயற்பொறியாளர் கிட்டே போய்ப் படித்தார். "ஏழுன்னு போட்டிருக்கே. நீங்க மூணுதானே?"

வால்வுக்காரம்மா நாலடி தள்ளி நின்றிருந்தார். கர்சர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நான் சொன்னேன் சார். அவங்க தட்டினாங்க."

"அப்படியாம்மா?"

வால்வுக்காரம்மா திரையைப் பார்த்தார். எண் ஏழுக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கர்சரைப் பார்த்தார். சாக்கடையைத் தாண்டுவதற்கு முன்னால் அகலத்தைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"குறிப்புல வேற எதுவும் இல்லையே சார்" என்றார்.

இரண்டு வருஷ நீட்டிப்பு கர்சருக்குக் கிடைத்தது. மேற்பார்வையாளர் கை கொடுத்தார். செயற்பொறியாளர் தோளில் தட்டினார். நினைத்தது நடந்த மனிதனின் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளக் கர்சர் மிகவும் பாடுபட்டார்.

எல்லோரும் போன பிறகு, கைகழுவும் இடத்தில் வால்வுக்காரம்மா தண்ணீர்ப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கர்சரால் சும்மா போக முடியவில்லை.

"நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன்."

"இப்பவாவது படிச்சீங்களே."

"நான் உங்களை அவ்வளவு எழுதியிருக்கேன். நீங்க ஒரு நாளாவது என்னைத் திட்டி எழுதியிருக்கலாமே. ஏன் எழுதல?"

வால்வுக்காரம்மா புட்டியைக் குலுக்கி ஊற்றினார். "உங்களுக்காக ஒரு வரியை வீணாக்கணுமா சார்? திட்டுறதுக்கும் ஆள்கிட்ட ஏதாவது இருக்கணும் இல்ல?"

எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று கர்சர், "திரை நின்னா மட்டும் சார் சார்னு ஓடி வருவீங்க எல்லாரும்" என்றார்.

"கண்ட்ரோலும் க்யூவும்தானே? வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். கூப்பிட்டா நீங்க சந்தோஷமா எழுந்து வருவீங்க, பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு மேற்பார்வையாளர்தான் சொன்னார்." புட்டியின் மூடியைத் திருகினார். தோள் வலித்திருக்க வேண்டும், முகம் லேசாகச் சுளித்தது. "இனிமே நான் மறைச்சுத் திருத்த மாட்டேன் சார். அதுக்கு இந்தத் திரையில வழியும் இல்ல. ஊருக்குப் போற தண்ணி, தப்புன்னு தெரிஞ்சா திருத்தித்தான் ஆகணும். எல்லாரும் பார்க்கிற மாதிரியே திருத்துறேன்."

மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட், பொறுப்பாளராக முதல் நாள். மேற்குத் தொட்டிக் காவலாளி தொலைபேசியில் சொன்னதைக் கர்சர் தட்டினார். பத்து நிமிஷத்தில் வால்வுக்காரம்மா வழக்கம்போலக் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு விரலால் ஏதோ தட்டினார். சுவரில், ஆள் உயரத்துக்கு, 74இன் மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் 47 வந்தது. அதன் பக்கத்தில் வால்வுக்காரம்மாவின் சின்னப் புகைப்படம்.

கர்சரின் விரல் பழக்க தோஷத்தில் எஸ்கேப்பைத் தேடிப்போனது. அழுத்தினார். ஓரத்தில் திறந்திருந்த ஒரு சின்னப் பெட்டி மூடிக்கொண்டது, அவ்வளவுதான். கோடு அங்கேயே இருந்தது. தொலைபேசி அடித்தது. மேற்பார்வையாளர். "என்ன சார், காலைலயே சிவப்பு தெரியுது? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் சுருக்கென்று குத்தியது.

எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுக் கர்சர் பக்கத்து மேஜையை ஓரக்கண்ணால் பார்ப்பார். வால்வுக்காரம்மா அவசரப்பட மாட்டார், கேலியும் செய்ய மாட்டார். தொலைபேசியை எடுப்பார், கேட்பார், வைப்பார். அந்த இரண்டு விரல்கள் விசைப்பலகைக்கு மேலே வரும்போது கர்சருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

நண்பகலில் நாலாவது கோடும் விழுந்த பிறகு, கர்சர் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியின் உறையைப் பிரித்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மாட்டினார். சுவர் தெளிவாகத் தெரிந்தது. நாலு வரி, நாலிலும் கோடு, நாலிலும் அந்த முகம். இன்னும் இரண்டு வருஷம் மீதி இருந்தது.